“எவ்வளவு நாளா குடி?” என்று கேட்பவர்களுக்கு

ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி “எவ்வளவு நாளா குடி?” என்பதுதான். நோயாளி ஆண் என்றால் நேராகவே கேட்பார்கள். பெண் என்றால் சுற்றி வளைப்பார்கள்: வீட்டுக்காரர் குடிப்பாரா, அப்பா குடிச்சாரா, மலையில் பிறந்தவங்களா. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் கேள்வியே கிடையாது. மஞ்சக்காமாலை, பத்தியம் இருந்தால் போய்விடும் என்று முடித்துவிடுவார்கள். ஈரல் நோய் என்றால் குடி, குடிக்காதவருக்கு வந்தால் வெறும் காமாலை. இந்த எண்ணம் ஊர்த் திண்ணையில் மட்டும் இல்லை. படித்தவர்களிடம் இருக்கிறது, வீட்டுக்குள் இருக்கிறது, சில நேரம் மருத்துவரின் மேசைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. இது தவறான எண்ணம். அதோடு, நோயைக் கண்டுபிடிக்கவேண்டிய மாதங்களை விழுங்கி, கண்டுபிடித்த பிறகு வாழவேண்டிய ஆண்டுகளையும் கெடுக்கும் எண்ணம்.

குடியால் ஈரல் கெடாது என்று நான் சொல்லவரவில்லை. கெடும். நம் நாட்டில் ஈரல் சுருக்கத்துக்கு முக்கியமான காரணங்களில் குடி ஒன்று. மருத்துவமனை வார்டுகளுக்குப் போய்வந்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள். ஒரு காரணத்தையே ஒரே காரணமாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இப்படி நினைப்பதற்கு ஒரு பெரிய துயரம் பின்னணியில் இருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. அந்த நாட்களிலிருந்து இந்த ஊரின் பெயரோடு சாராயம் ஒட்டிக்கொண்டது. கல்வராயன் மலையின் மீது சாராயம் காய்ச்சும் மலை என்ற பழி அதற்கு முன்பே இருந்தது. அந்தப் பழி இன்னும் இறுகிவிட்டது. வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ கண் மஞ்சளாகி ஒருவர் இறங்கி வந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நோய்க்குப் பெயர் வைத்தாகிவிடுகிறது.

ஆனால் கருணாபுரத்தில் நடந்தது ஈரல் நோயே அல்ல. மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றிவிடுகிறது, பார்வை நரம்பைத் தாக்குகிறது. அதனால்தான் பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போகிறது. ஒரே இரவில் நடக்கும் நஞ்சேறல் அது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கெடும் ஈரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, அந்தக் குழப்பத்தையே அளவுகோலாக்கி, எதையும் குடிக்காத ஒரு பெண்ணின் நோயை அளந்தால் என்ன விடை கிடைக்கும்?

நம் உடலில் நோய்க்கிருமிகளோடு சண்டை போடுவதற்கென்று ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. சிலருக்கு அது வழிதவறி, சொந்த ஈரலையே அந்நியம் என்று எடுத்துக்கொண்டு தாக்கத் தொடங்குகிறது. ஈரல் செல்களைத் தாக்கினால் அது தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி. ஈரலுக்குள் ஓடும் நுண்ணிய பித்தக் குழாய்களைத் தாக்கினால் இன்னொன்று; அது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்கள். பெரிய பித்தக் குழாய்கள் தழும்பேறிக் குறுகிப்போவது மூன்றாவது வகை. அது ஆண்களிடம் அதிகம், பலருக்குப் பெருங்குடல் அழற்சியும் கூடவே இருக்கும். ஆட்டோ இம்யூன் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய்களில் எதற்கும் குடி காரணமில்லை. முதல் வகையை 1950-இல் சுவீடன் மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்தபோது அவர் கண்முன் இருந்தவர்கள் இளம்பெண்கள். இன்றும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அது பல மடங்கு அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருகிறது. யாருக்குக் குடியைப் பற்றிய கேள்வியே எழாதோ, அவர்களைத் தேடி வரும் நோய் இது.

இரண்டாவது வகைக்கு வெளிநாட்டில் நெடுங்காலமாக இருந்த பெயரில் ‘சிரோசிஸ்’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் குடிகாரர் என்று மற்றவர்கள் முடிவுகட்டுகிறார்கள் என்று நோயாளிகளே பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2015-இல் அந்தப் பெயரை உலக மருத்துவச் சங்கங்கள் மாற்றின. ஆகவே இந்த முன்முடிவு நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அங்கே நோயாளிகள் சங்கமாகச் சேர்ந்து எதிர்த்துப் பேசினார்கள். இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக, மாத்திரை அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பழக்கத்தில் வந்த சந்தேகத்தைவிட ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் நேர்மையாகப் பேசும். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகளின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடியால் ஈரல் அழற்சி வந்தவருக்குப் பெரும்பாலும் ஏ.எஸ்.டி. கூடுதலாக, ஏ.எல்.டி.யைப் போல இரு மடங்காக இருக்கும். 300, 400-ஐத் தாண்டுவது அபூர்வம். தன்னெதிர்ப்பு நோய் சீறி எழும்போது ஏ.எல்.டி. பல நூறுகளில் நிற்கும், ஆயிரத்தையும் தாண்டும். ஏ.எல்.டி. 800 என்று எழுதியிருக்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு “குடியை நிறுத்துங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தத் தாளை யாரும் படிக்கவில்லை என்றுதான் பொருள். வைரஸ் இல்லை, வேறு மருந்தால் வந்ததில்லை, இளவயதினர் என்றால் ஈரலில் செம்பு தேங்கும் வில்சன் நோயும் இல்லை என்று பார்த்துவிட்டு, ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் எவ்வளவு, சொந்த செல்களுக்கு எதிரான ஏ.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஈரலிலிருந்து ஊசியால் ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இந்த நோயைத் தீர்மானிக்க 1999-இல் உலக நிபுணர்கள் வகுத்த மதிப்பெண் முறையில் குடிப்பழக்கத்துக்கும் இடமுண்டு: நாளொன்றுக்கு 25 கிராம் ஆல்கஹாலுக்குக் குறைவு என்றால் இரண்டு மதிப்பெண் கூடும், 60 கிராமுக்கு மேல் என்றால் இரண்டு குறையும். பத்துப் பன்னிரண்டு குறிப்புகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். குடிப்பவருக்கும் இந்த நோய் வரலாம் என்பதை அந்த முறையே ஒப்புக்கொள்கிறது. நம் ஊர்தான் ஒப்புக்கொள்வதில்லை.

கண்டுபிடிக்கத் தாமதமாவதன் விலை சிறியதில்லை. நோய் தெரியவரும்போதே மூன்றில் ஒருவருக்கு ஈரல் சுருங்கிப்போயிருக்கிறது என்பது மருத்துவ வசதி நிறைந்த நாடுகளின் கணக்கு.

இந்தத் தாமதத்தில் நாட்டு மருந்துக்கும் பங்குண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். கீழாநெல்லி மீது நமக்கு இருக்கும் நம்பிக்கையை நான் எள்ளவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி எடுத்த ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் 37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாகக் கண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த ஆய்வு வைரஸ் காமாலை பற்றியது. உடல் தன்னையே தாக்கும் நோயைப் பற்றியது இல்லை. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலானோருக்கு மருந்தில்லாமலே சில வாரங்களில் தணிந்துவிடும். தன்னெதிர்ப்பு நோயும் சில மாதம் சீறும், சில மாதம் அடங்கும். அடங்கும் நேரத்தில் எந்தச் சாறு கொடுத்திருந்தாலும் பெயர் அந்தச் சாற்றுக்குப் போய்விடுகிறது. கண் வெளுத்துவிட்டது, சரியாகிவிட்டது என்று வீடு நிம்மதியடைகிறது. உள்ளே தழும்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதைவிட ஆபத்தான அறிவுரை ஒன்று உண்டு: “எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு, அதுக்கு எதாவது எடுங்க.” இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோகவில்லை, அது சொந்த ஈரல் மீது திரும்பியிருக்கிறது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் எடுத்தவர்களில் சிலருக்குத் தன்னெதிர்ப்பு நோயின் அடையாளங்களோடு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவுசெய்தார்கள். மறு ஆண்டு, நாட்டின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து இப்படிப்பட்ட 43 நோயாளிகளைப் பற்றி எழுதின. சீந்தில் நம் வேலிகளில் படரும் கொடி. தன்னெதிர்ப்பு நோய் இருப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சரி, நோய் தெரிந்துவிட்டது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டார்கள், பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதியோப்ரின் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில் எண்கள் இறங்கிவிட்டன. “எல்லாம் நார்மல்மா, நல்லா இருக்கீங்க” என்கிறார் மருத்துவர். இரண்டாவது தவறான எண்ணம் இங்கே தொடங்குகிறது. ஏ.எல்.டி. இறங்கினால் நோயாளி நலமாகிவிட்டார் என்று மருத்துவரும் வீடும் சேர்ந்து நம்புகிறார்கள். நோயாளி ஒருவர்தான் நம்பமுடியாமல் தவிக்கிறார்.

காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும். கரும்பு வெட்டவோ மரவள்ளிக் காட்டுக்கோ போனால் பத்து மணிக்கே உட்காரவேண்டிவரும். நூறு நாள் வேலையில் மரத்தடியில் சாய்ந்தால், கூட இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்தச் சோர்வு பரிசோதனைத் தாளில் தெரியாது. பித்தக் குழாய்த் தன்னெதிர்ப்பு நோயில் சோர்வின் அளவுக்கும் நோயின் தீவிரத்துக்கும் நேரான தொடர்பே இல்லை என்பது தெளிவாக நிறுவப்பட்ட செய்தி. அதற்கான உர்சோ மாத்திரை ஈரலைக் காக்கும், சோர்வைப் போக்காது. ஈரலையே மாற்றிவைத்தாலும் சிலருக்குச் சோர்வு மிஞ்சும். எண் நார்மல், ஆனாலும் எழமுடியவில்லை என்று ஒருத்தி சொன்னால், அவள் சொல்வது மருத்துவ உண்மை. அதைச் சோம்பல் என்று சொல்லும் மாமியாருக்கும் மேஸ்திரிக்கும் அந்த உண்மையைச் சொல்ல ஆளில்லை.

அரிப்பு இன்னொரு வதை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கும், இரவில் கூடும். தோலில் தடிப்போ புண்ணோ இருக்காது. சொறிந்த தழும்பு மட்டும் இருக்கும். பார்ப்பவர்கள் தொற்றும் சொறி என்று நினைத்துப் பாயைத் தனியாக விரிக்கச் சொல்வார்கள், துண்டைத் தொடமாட்டார்கள். கொலஸ்டிரமைன், ரிஃபாம்பிசின் என்று இந்த அரிப்புக்கு மருந்து உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள். அரிப்பை ஒரு நோயாகவே யாரும் எண்ணாத இடத்தில் அவள் எப்படிக் கேட்பாள்?

ஸ்டீராய்டு முகத்தை உப்பவைக்கும், எடையை ஏற்றும், சர்க்கரையைக் கொண்டுவரும், எலும்பைத் தேய்க்கும், தூக்கத்தைக் கெடுக்கும். நோய் நன்றாகக் கட்டுக்குள் இருந்தாலும் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவாகவே இருப்பதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்று ஹாம்பர்க் மருத்துவர்கள் 2014-இல் எழுதினார்கள். ஸ்டீராய்டும், ஈரல் சுருங்கிவிடுமோ என்ற அச்சமும் அதோடு சேர்ந்தே காணப்பட்டன. அங்கே குடிகாரி என்ற பழி இங்கேபோல இறுகாமலே இவ்வளவு. இங்கே கல்யாணமாகாத பெண்ணுக்கு முகம் உப்பி, நோயின் பெயரில் ‘ஈரல்’ என்ற சொல்லும் இருந்தால், பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்தே வீட்டார் மாத்திரையை நிறுத்துகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, இந்த மாத்திரை இருந்தால் பிள்ளை தங்காது என்று யாரோ சொல்லி நிறுத்துகிறார்கள். உண்மையில் அசதியோப்ரினைக் கர்ப்ப காலத்தில் தொடரலாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. நிறுத்தினால்தான் நோய் சீறி, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மைகோஃபீனோலேட் என்ற வேறொரு மருந்துதான் கர்ப்பத்தில் கூடவே கூடாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு மருத்துவர் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும்.

மாத்திரையை நிறுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருப்பதால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். மலையில் மழைக்காலத்தில் பேருந்து வராமல் மாத்திரை தீர்ந்துபோவது, இந்த நோயாளிக்கு வெறும் அசௌகரியம் இல்லை.

பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு, புளி, எண்ணெய், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி, மோர்சாதமும் கஞ்சியுமாக மாதக்கணக்கில் வைத்திருப்பது நம் வழக்கம். அன்போடு செய்வதுதான். ஆனால் ஈரல் சுருக்கம் உள்ளவருக்குப் புரதம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும், முட்டையையும் பயற்றையும் குறைக்கக் கூடாது. ஸ்டீராய்டு ஏற்கெனவே தசையையும் எலும்பையும் அரிக்கும்போது, பத்தியமும் சேர்ந்துகொண்டால் எழுந்து நடக்க என்ன மிஞ்சும்?

என் பக்கம் நிற்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளுக்காகப் பேசும் பலர், “இவங்க ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை, இவங்களுக்கு ஏன் இந்தப் பழி?” என்று கேட்கிறார்கள். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. குடிக்காதவருக்கு இரக்கம் உண்டு, குடித்தவருக்குக் கிடையாது என்று ஒப்புக்கொண்டே அது பேசுகிறது. குடிப்பவருக்கும் தன்னெதிர்ப்பு நோய் வரும். அவருக்குத்தான் அது எல்லோரையும்விடத் தாமதமாகத் தெரியவரும், ஏனென்றால் அவரிடம் யாரும் வேறு காரணத்தைத் தேடுவதே இல்லை. குடியால் மட்டுமே ஈரல் கெட்டவருக்கும் அரிக்கும், அவருக்கும் சோர்வு உண்டு, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. நோயாளி தகுதியானவரா என்று எடைபோடும் வேலை ஊருக்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை. மலைவாழ் மக்களுக்கு இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான் அந்த மக்களின் சாலையும் பள்ளியும் மருத்துவமும் நாட்டின் கண்ணில் பட்டன. அந்தக் கவனமும் சாராயத்தைத் தாண்டிப் போகாவிட்டால், அங்கே வேறு நோயோடு வாழ்கிறவர்கள் மறுபடியும் காணாமல் போவார்கள்.

அரசுத் திட்டங்களிலும் இவர்கள் காணாமல்தான் போயிருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸுக்கு 2018 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். நல்ல திட்டம். வைரஸ் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கணக்கில் எடுத்தது. ஹீமோபிலியாவும் தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் அதில் சேர்ந்தன. நாள்பட்ட ஈரல் நோய் சேரவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பெரும்பாலும் அது மருத்துவமனையில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு உதவுகிறது. இந்த நோயாளிக்கு மாதாமாதம் தேவைப்படுவது மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும், அதற்காகப் போய்வரும் பேருந்துச் செலவும், விட்டுப்போகும் ஒரு நாள் கூலியும்.

இவர்களைக் கவனிக்கச் செலவு அதிகம், மாவட்ட அளவில் முடியாது என்பார்கள். அது சரியான பதில் இல்லை. பிரெட்னிசோலோனும் அசதியோப்ரினும் பழைய மருந்துகள், தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1971-இல் வெளிவந்த ஆய்வில், பிரெட்னிசோலோன் பெற்ற 22 பேரில் 3 பேர் இறந்தார்கள். பெறாத 27 பேரில் 15 பேர் இறந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்துபோன கேள்வி அது. சிறுவங்கூரில் 2022 ஜனவரி முதல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காரணம் தெரியாமல் ஏ.எல்.டி. உயர்ந்தே இருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் குடிப்பவரோ குடிக்காதவரோ, அங்கே ஐ.ஜி.ஜி.யும் ஏ.என்.ஏ.வும் பார்க்கட்டும். மாதம் ஒரு நாளாவது ஜிப்மரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஓர் ஈரல் நிபுணர் வந்து உட்காரட்டும். அசதியோப்ரின் தொடங்கும் முதல் வாரங்களில் ரத்த அணுக்கள் சரிகிறதா என்று பார்ப்பது மிக அவசியம், ஏனென்றால் அந்த மருந்தைத் தாங்காத மரபணு மாற்றம் ஆசிய மக்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். அந்த ரத்தத்தை எடுக்க நோயாளி மலையிலிருந்து இறங்கவேண்டியதில்லை, ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பிறகு அரிக்கிறதா, தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதட்டும். அந்த நான்கு பதில்கள் இல்லாத நோயாளிச் சீட்டு பாதிச் சீட்டுதான்.

2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதே பையில் இந்த மாத்திரைகளையும் வைத்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதத்துக்கு வருமாறு வெள்ளிமலைக்குக் கொடுத்தனுப்புங்கள்.